குணபூசணி அக்கா வீட்டு எங்கேஜ்ட் சத்தம்

குணபூசணி அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் ஞாபகம் வரும். அவருடைய கோபமல்ல, என்னுடையது. தொண்ணூற்று மூன்றில் கிள்ளானில் உதிரிபாகக் கடை வைத்திருந்த ஜெயராஜ் என்கிற நான், அவர் கட்டியதை இரண்டாக உடைக்கக் கிளம்பியவன். அந்தக் கோபம் நியாயம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அவர் கட்டியது கட்டடமல்ல. வீடுகளுக்கு இண்டர்நெட் வராத காலம் அது. பிரிக்பீல்ட்ஸில் தன் வீட்டுக் கம்ப்யூட்டரை மோடம் என்கிற சின்னப் பெட்டி வழியாகப் போன் லைனில் மாட்டி வைத்திருந்தார். நம் கம்ப்யூட்டரிலிருந்து அந்த நம்பருக்கு அடித்தால் திரையில் ஓர் அறிவிப்புப் பலகை விரியும். கோயில் திருவிழா, வேலை காலி, கல்யாணப் பேச்சு, வெட்டி அரட்டை எல்லாம் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழில் ஓடும். ஒரே லைன் என்பதால் ஒருவர் உள்ளே இருந்தால் மற்றவர்களுக்கு எங்கேஜ்ட் சத்தம்தான்.

கூட்டம் பெருகியதும் அக்காவே கிளைகள் போடச் சொன்னார். கிள்ளானில் என் வீடு, பூச்சோங்கில் நண்பன் தங்கமணி வீடு, பிரிக்பீல்ட்ஸிலேயே சண்முகரத்தினம் வீடு. எல்லோரும் சேர்ந்து வேகமான மோடம் ஒன்று வாங்கினோம். அது இருக்கும் வீடு தலைவீடு. கிளைகளில் எழுதியதை எல்லாம் விடியற்காலையில் அதுதான் வாங்கி மற்ற கிளைகளுக்கு அனுப்பும். அக்கா வீடு தலைவீடாக இருந்தது. வருவதைப் பார்த்து அனுப்பும் பொறுப்பைச் சண்முகரத்தினத்திடம் கொடுத்திருந்தார்.

அங்கேதான் வினை. சண்முகரத்தினம் யாழ்ப்பாணத்து மனிதர், அரசாங்க ஆபீஸில் காலமெல்லாம் மற்றவர் எழுத்தில் சிவப்பு மை போட்டே பழகியவர். தங்கமணியின் அப்பா இறந்தபோது, பூச்சோங்கிலிருந்து அவன் ரப்பர் தோட்டத்துப் பேச்சுத் தமிழில் எழுதி அனுப்பிய துக்கச் செய்தியை மொழி சரியில்லை என்று நிறுத்திவிட்டார். கிள்ளானில் எங்களுக்குத் தெரிவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. நான் கொதித்துப்போனேன். தீபாவளிக்குள் கிள்ளானும் பூச்சோங்கும் தனியாகப் போய்விடும் என்று பலகையிலேயே எழுதிப் போட்டேன்.

மறுநாள் அக்கா துணிப்பை ஒன்றோடு பஸ் பிடித்துக் கடைக்கு வந்து இறங்கினார். சமாதானம் பேசப்போகிறார் என்று நான் முறுக்கிக்கொண்டு நின்றேன்.

"சண்முகரத்தினம் செஞ்சது தப்புதான், தம்பி. அவர் முகத்துக்கு நேரேயே சொல்லிட்டேன்."

"அப்ப அவரைத் தூக்கிடுங்க லா, அக்கா."

"தூக்கிட்டு உங்களை வைக்கட்டா? நாளைக்கு உங்க கையிலயும் சிவப்பு மை ஏறிடும்."

எனக்குச் சுருக்கென்றது. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சுங்கைவே கதையைச் சொன்னார். மலாய்க்காரரும் சீனரும் மோதிக்கொண்ட அறுபத்தொன்பது கலவரத்துக்குப் பிறகு, அக்கம்பக்கத்தார் சேர்ந்து ரோந்து போகவேண்டும் என்று அரசாங்கம் ஏற்பாடு செய்தது. அக்கா அப்போது டிஸ்ட்ரிக்ட் ஆபீஸ் கிளார்க். சுங்கைவேயில் ஒரு குடியிருப்பை அவரிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

"கூட்டம் போட்டோம், ஒற்றுமைன்னு பேசினோம். கையைத் தட்டிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க. கடைசில ஒரு டார்ச் லைட் வாங்கினேன். ரோந்து முடிச்ச வீட்டுக்காரர் அதைக் கொண்டுபோய் அடுத்த வீட்டுல கொடுக்கணும். வாசல் கேட்டுல நின்னு கொடுக்கக்கூடாது, உள்ள போய் உக்காந்து கொடுக்கணும். மலாய்க்காரர் வீட்டுலேர்ந்து சீனர் வீடு, அங்கேர்ந்து நம்ம வீடு. அதுக்கப்புறம் பேசச் சொல்லி நான் ஒரு கூட்டமும் போடல."

சொல்லிவிட்டுத் துணிப்பையைக் கவுண்டர்மேல் வைத்தார். உள்ளே மோடம்.

"இனிமே உங்க வீடுதான் தலைவீடு, பார்த்து அனுப்புறதும் நீங்கதான். நாலு மாசம். அப்புறம் சண்முகரத்தினம், அப்புறம் தங்கமணி. ஆளே கொண்டுபோய்க் கொடுக்கணும், அந்த வீட்டுல கை நனைக்கணும்."

"அக்கா, அந்த ஆள் வீட்டுல நான் சாப்பிடவா?"

"சாப்பிடுங்க. தேங்காய்ப்பால் சொதி நல்லா இருக்கும்."

உடைத்துக்கொண்டு ஓடுகிறேன் என்றவன் கையில் மொத்தத்தையும் கொடுத்துவிட்டுப் போன துணிச்சலை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

என் முறை வந்த இரண்டாவது வாரமே சண்முகரத்தினம் எழுதினார்: "தலைவீடு கிள்ளானுக்குப் போயிற்று. தமிழ் எங்கே போகுமோ?" அழிக்கும் பட்டனை அழுத்த என் விரல் பரபரத்தது. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"தலைவீடு உங்களோடது. என்னை ஏன் கேக்குறீங்க?" என்று வைத்துவிட்டார்.

அப்படியே அனுப்பினேன். கூடவே நாலு வரி காரமாக நானும் எழுதினேன். பலகை களைகட்டியது, ஒருவரும் பிரிந்து போகவில்லை.

என் முறை முடிந்ததும் மோடத்தைக் கொடுக்கப் போய்ச் சண்முகரத்தினம் வீட்டில் சாப்பிட்டேன். சொதி நன்றாகத்தான் இருந்தது, அதை அவரிடம் சொல்லவில்லை. ஆனால் அக்காவின் கணக்கு எனக்குப் புரிந்தது அதற்கடுத்த முறையில்தான். சண்முகரத்தினம் பூச்சோங்குக்குத் தானே மோடத்தைக் கொண்டுபோய்த் தங்கமணி வீட்டில் உட்காரவேண்டியிருந்தது. தங்கமணியின் அப்பா படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்று, "பிழை விட்டிட்டன், தம்பி" என்றாராம். தங்கமணிதான் இதை என்னிடம் சொன்னான்.

தங்கமணியின் முறையும் முடிந்தது. அடுத்து அக்கா வீடுதானே என்று மூன்று பேருமாக மோடத்தை எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்குப் போனோம். கணவர் இறந்தபின் அவர் தனியாகத்தான் இருந்தார். முன்பெல்லாம் அவர் வீட்டு வாசலிலேயே மோடம் கிறீச்சிடுவது கேட்கும். அன்றைக்கு வீடு நிசப்தமாக இருந்தது.

"உங்க முறை, அக்கா" என்று பெட்டியை நீட்டினேன்.

அவர் கையை நீட்டவில்லை. "என் வீடு முறையில இல்லையே, தம்பி. அடுத்தது கிள்ளான்தான்."

"ஆரம்பிச்சதே நீங்கதானே!"

"அதான். என் கைக்குத் திரும்பி வந்தா மறுபடியும் என் வீட்டுச் சாமானாயிடும்."

"வீடு இப்படி வெறிச்சோடிக் கிடக்கே, அக்கா" என்றான் தங்கமணி.

"எங்க வெறிச்சோடிக் கிடக்கு? நானும் எல்லாரையும் மாதிரி என் பழைய மோடத்துல உங்க லைனுக்கு டயல் பண்றேன். பாதி நேரம் எங்கேஜ்ட். சரி, நம்ம ஆளு யாரோ உள்ள பேசிக்கிட்டு இருக்காங்கன்னு போய்ச் சமைப்பேன்."

பெட்டியோடு வந்தவர்கள் கை நனைக்காமல் போகக்கூடாது என்று எங்களை உட்கார வைத்துப் பரிமாறினார். பிறகு நான் மோடத்தோடு கிள்ளான் பஸ் ஏறினேன். தங்கமணி பூச்சோங்குக்குப் போய்விட்டான். சண்முகரத்தினம் மட்டும், என் வீட்டில் தான் இன்னும் ஒருமுறைகூடச் சாப்பிட்டதில்லை என்று சொல்லி, என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார்.