செம்பருத்தி கேட்ட கேள்வி

அந்தப் பின்னூட்டம் மூன்றே வரிகள்தான். எழுதியவரின் பெயர் செம்பருத்தி என்றிருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செம்பருத்திப் பூ. நான் இணையத்தில் நடத்தி வரும் வாசகர் குழுவில், ஒரு பழைய நாவலைப் பற்றி நீளமாக எழுதியிருந்தேன். அதன் கீழே அது வந்திருந்தது. ‘நான் கேட்ட கதைல அவ கதவ தெரந்து விடுவா. புருசன் உள்ள வந்துருவான். இதுல அவ தெரக்கவே இல்ல. எது சரி மேடம்?’ கல்லூரியில் ஒரு வகுப்பு முடிந்து அடுத்த வகுப்புக்கு நடந்துகொண்டே அதைப் படித்தேன். சிரிப்பு வந்தது. நடந்துகொண்டே பதிலும் எழுதினேன். எழுதியது என் அக்கா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் போனதுதான் என் குற்றம் என்பது பிறகுதான் புரிந்தது.

நாங்கள் செல்லூர்க்காரர்கள். சந்துக்குள் ஒரே ஒரு அறையும் அடுப்படியும் உள்ள வீடு. அப்பாவும் அம்மாவும் விசைத்தறிப் பட்டறைக்குப் போய்விடுவார்கள். அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் தோற்றதும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் துண்டுகளுக்கு ஓரம் தைத்தாள். ‘இவளுக்குப் படிப்பு ஏறாது, சின்னவளுக்குத்தான் மண்டை’ என்று வீட்டில் சொல்லுவார்கள். அவள் அதைக் கேட்டு வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. நானும் அதை நம்பினேன். ஒரு வீட்டில் ஒருவருக்கு ஒரு பெயரை வைத்துவிட்டால், அதற்குப் பிறகு அவரைப் பார்க்க வேண்டிய அவசியமே யாருக்கும் இருப்பதில்லை.

எனக்குப் புத்தகப் பைத்தியம். கிளை நூலகத்தில் என் கார்டுக்கு ஒரு புத்தகம், அக்கா கார்டுக்கு ஒரு புத்தகம், இரண்டும் எனக்கே. நாலு பக்கமும் தறிச் சத்தம். அந்தச் சத்தத்துக்குள் காது அடைத்துப்போய் உட்கார்ந்து படிப்பேன். குழாயடியில் தண்ணீர் பிடிப்பதும் பாத்திரம் கழுவுவதும் என் வேலைகள். அவற்றை அக்கா எடுத்துக்கொண்டாள். அதற்கு ஒரே நிபந்தனை. “நீ படிச்ச கதைய எனக்குச் சொல்லணும். முழுசாச் சொல்லணும்” என்பாள். தட்டுத் தடுமாறி அவளும் படிப்பாள்தான். ஆனால் ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம் ஆகும், அதற்குள் பத்துத் துண்டு தைத்துவிடலாம் என்று சொல்லிச் சிரிப்பாள்.

முழுதாக நான் ஒரு கதையும் சொன்னதில்லை. அடுத்த புத்தகம் மடியில் இருக்கும். கை அரிக்கும். முந்நூறு பக்க நாவலை அவள் ஒரு சட்டிப் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் முடித்துவிடுவேன். பிடிக்காத ஆட்களை வெட்டிவிடுவேன். சொல்லச் சிரமமான இடங்களைத் தாண்டிவிடுவேன். முடிவு சிக்கலாக இருந்தால் மாற்றிவிடுவேன். செம்பருத்தி கேட்ட அந்தப் பழைய நாவலில், கப்பலேறிப் போன கணவன் பல வருடம் கழித்து ஒருநாள் திரும்பி வந்து கதவைத் தட்டுவான். அவள் உள்ளே உட்கார்ந்து தட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். திறக்க மாட்டாள். அவ்வளவுதான் கதை. அக்கா மெஷினை நிறுத்திவிட்டு, “அப்பறம்? தெறந்தாளா?” என்று கேட்டாள். திறக்கவில்லை என்றால் ‘ஏன்’ என்று கேட்பாள். அந்த ஏனுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. “தெறந்துட்டாக்கா. ரெண்டு பேரும் சேந்துட்டாக” என்றேன். அக்காவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “நல்லவேள” என்று சொல்லிவிட்டு மறுபடி மிதிக்கத் தொடங்கினாள். நான் அந்த நிமிஷமே அதை மறந்துவிட்டேன்.

பிறகு நான் கல்லூரி முடித்து, மேல்படிப்பும் முடித்து, பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ் ஆசிரியையாகச் சேர்ந்தேன். கல்யாணம், குழந்தை, வேலை என்று வருடங்கள் ஓடின. இணையம் கைக்கு வந்தபோது எனக்கு அது தாகத்துக்குத் தண்ணீர் கிடைத்த மாதிரி இருந்தது. புத்தகம் பற்றிப் பேச எங்கெங்கோ ஆட்கள் இருந்தார்கள். குழு தொடங்கினேன். ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். நான் கறாராக எழுதுவேன், கிண்டலாக எழுதுவேன் என்று பெயர் வந்தது. அந்தப் பெயர் எனக்கு இனித்தது. காலையில் கண் விழித்ததும் போனைத்தான் தேடுவேன். யார் என்ன சொல்லியிருக்கிறார்கள், எத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் பல் தேய்ப்பேன். தெரியாத ஊரில் தெரியாத ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் உடனே விசாரிப்பேன். அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய செல்லூருக்கு, அக்காவைப் பார்க்க, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போவேன்.

குழுவில் நான் அடிக்கடி எழுதும் ஒரு விஷயம் உண்டு. ‘புத்தகம் பற்றிப் பேச ஒரே ஒரு ஆள்கூட இல்லாத வீட்டில் வளர்ந்தவள் நான்.’ எப்போது எழுதினாலும் அதற்கு நல்ல வரவேற்பு இருக்கும். தனிமையில் வளர்ந்த பெண் என்று பலர் நெகிழ்ந்துபோவார்கள். பலமுறை எழுதி எழுதி நானே அதை நம்பியிருந்தேன். எனக்குத் தினமும் கதை கேட்ட ஒருத்தி இருந்தாள் என்பது ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை.

செம்பருத்திக்கு நான் எழுதிய பதில் இது. ‘அம்மா, நீங்கள் கேட்டது ஒரு கதை, படித்தது வேறு கதை போலிருக்கிறது. காதால் நாவல் படிப்பதை விட்டுவிட்டு ஒரு புத்தகத்தையாவது கண்ணால் முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள். அப்படியே திறந்து என்பதற்கு எந்த ற என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கதவையாவது முதலில் சரியாகத் திறப்போம்.’ சிரிப்பு முகங்கள் வந்து குவிந்தன. ‘மேடம் அடிச்சா அடிதான்’ என்று ஒருவர். யாராவது தப்பாக எழுதினால் ‘கதவ தெரந்துட்டாரு’ என்று சொல்வது கொஞ்ச நாள் குழுவில் வழக்கமாகவே ஆகிவிட்டது. நானும் இரண்டு முறை சொன்னேன். செம்பருத்தி பதில் எழுதவில்லை. பிறகு அந்தப் பெயர் குழுவில் இல்லை. போனது எனக்குத் தெரியவும் இல்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா கறி வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். அக்கா மகள் மட்டும் இருந்தாள், நர்சிங் படிக்கிறவள். ஏதோ பேச்சில் என் குழுவைப் பற்றிப் பெருமையாகச் சொல்லி, ‘கதவ தெரந்த’ கதையையும் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“சித்தி, செம்பருத்தி யாருன்னு ஒங்களுக்குத் தெரியாதா?” என்றாள்.

“யாரு?”

“அம்மாதான். நான்தான் போன்ல எல்லாம் போட்டுக் குடுத்தேன். நீங்க குழுவுல சொல்லுற புஸ்தகத்தையெல்லாம் லைப்ரரில எடுத்துட்டு வந்து படிக்கும். ஒரு புஸ்தகத்துக்கு ஒரு மாசம் ஆகும். ஆனா விடாது. அந்தக் கேள்விய ரெண்டு நாளா யோசிச்சு எழுதுச்சு, சித்தி.”

“நான் எழுதுனதப் படிச்சுட்டு என்ன சொன்னா?” என்றேன்.

“ஒண்ணும் சொல்லல. திறந்துக்கு எந்த ற டீன்னு எங்கிட்ட கேட்டுச்சு. வல்லின ‘ற’ம்மான்னேன். ஒரு நோட்டுல நாலஞ்சு வாட்டி எழுதிப் பாத்துச்சு. அம்புட்டுதான்.”

அக்கா கறியோடு வந்தாள். என் முகத்தையும் மகள் முகத்தையும் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. “சொல்லிட்டியா? ஒனக்கு வாயே நிக்காதே” என்று மகளை வைதுவிட்டு அடுப்படிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். கறியைக் கழுவிக்கொண்டிருந்தாள். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல், “எதுக்குக்கா வேற பேர்ல வந்த?” என்று கேட்டேன். குற்றம் செய்தவள் நான், விசாரணையும் நானே செய்தேன்.

“ஒங் காலேஜ் ஆளுகல்லாம் இருப்பாக. துண்டுக்கு ஓரம் அடிக்கிறவளா ஒங்க அக்கான்னு யாராச்சும் கேட்டுட்டா? ஒனக்கு எதுக்கு அந்தச் சங்கடம்னுதான்.”

“நாந்தான்க்கா அந்தக் கதைய மாத்திச் சொன்னேன்.”

“அது படிச்சப்பவே தெரிஞ்சுபோச்சு.”

“அப்பறம் ஏன் கேட்ட?”

அக்கா கையை உதறிவிட்டு முந்தானையில் துடைத்தாள். “ஒனக்கு நெனப்பு இருக்கான்னு பாத்தேன்” என்றாள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, “இல்ல போல” என்றாள். குரலில் கோபம் இல்லை. மழை வருமா என்று வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிற மாதிரி சொன்னாள்.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. அக்காவின் வீட்டுக்காரர் கல்யாணமான மறு வருடம் திருப்பூருக்கு வேலைக்கென்று போனவர், நாலு வருடம் வரவில்லை. அங்கே வேறு ஒரு பெண்ணோடு இருப்பதாகப் பேச்சு. பிறகு ஒரு ஆடி மாத மத்தியானம் கையில் ஒரு பையோடு வந்து வாசலில் நின்றார். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா கதவைத் தாழ் போட்டுவிட்டு, திறக்கக்கூடாது என்று மறித்தாள். நானும் வேண்டாம் என்றேன். அக்கா யார் பேச்சையும் கேட்காமல் போய்த் திறந்தாள். இரண்டு வருடம் இருந்தார். மகள் பிறந்தாள். அதற்குப் பிறகு மறுபடி போனவர் இன்றுவரை வரவில்லை. பிற்பாடு அக்காவுக்குப் புத்தி இல்லை என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். படித்திருந்தால் திறந்திருக்க மாட்டாள் என்றுகூட ஒரு தடவை சொன்னேன்.

“அக்கா, அன்னைக்கு மாமா வந்தப்ப...” என்று இழுத்தேன்.

“ஆமா. அந்தக் கத நெனப்பு வந்துச்சு” என்றாள் அக்கா. நான் கேட்க வந்ததை முடிக்கவே விடவில்லை. “அதுக்காக நீ சொல்லித்தான் தெறந்தேன்னு நெனச்சுக்காத. கதையக் கேட்டா யாராச்சும் குடும்பம் நடத்துவாக? எனக்குத் தெறக்கணும்னு இருந்துச்சு, தெறந்தேன். அந்தக் கதையும் அப்ப கூட வந்து நின்னுச்சு, அம்புட்டுதான்.” பிறகு முன்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மகளைக் கண்ணால் காட்டி, “தெறக்கலேன்னா இவ ஏது? விடு” என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. அக்கா என்னை அழவும் விடவில்லை. “அழுதா வெங்காயத்த நீயே உரி” என்று தட்டை என் பக்கம் தள்ளினாள். உரித்துக்கொண்டிருக்கும்போது, “சரி, ஒண்ணு சொல்லு. அவ ஏன் தெறக்கல? மூணு வாட்டி படிச்சுட்டேன், பிடிபட மாட்டேங்குது” என்றாள். அந்த நாவலைப் பதினைந்து வருடமாக வகுப்பில் நடத்துகிறேன். சுயமரியாதை, காத்திருப்பின் கசப்பு என்று ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்குச் சொல்லும் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டாள். “எனக்கென்னவோ அவளுக்குத் தெறக்கத்தான் ஆசைன்னு தோணுது. எந்திரிக்க முடியல. அம்புட்டு அசந்துபோயிருக்கா” என்றாள். பதினைந்து வருடத்தில் எனக்கு அது ஒருமுறையும் தோன்றியதில்லை. பாராட்டலாம் என்று வாயெடுத்தேன். மாணவிக்கு மதிப்பெண் போடுகிற தொனி வந்துவிடுமோ என்று பயந்து பேசாமல் இருந்தேன்.

கிளம்பும்போது, குழுவிலேயே எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கப்போகிறேன் என்றேன். அக்கா பதறிவிட்டாள். “என்னைய அதுல கொண்டு போடாத. அந்தப் பேர்லகூட நான் இனிமே வரல. நீ பாட்டுக்கு எழுது, நான் பாட்டுக்குப் படிக்கிறேன்” என்றாள். அக்காவைப் பற்றி எதுவும் சொல்லாமல், செம்பருத்தி என்கிற வாசகியிடம் தரக்குறைவாகப் பேசிவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று மட்டும் எழுதினேன். அதற்கு வந்த வரவேற்பு நான் எழுதிய எந்தக் குறிப்புக்கும் வந்ததில்லை. இதயங்களாகக் குவிந்தன. ‘எவ்வளவு பெரிய மனசு மேடம்’, ‘மன்னிப்புக் கேட்கவும் ஒரு பெருந்தன்மை வேண்டும்’ என்று எழுதினார்கள். அன்று சிரித்தவர்களே இன்று என்னைக் கும்பிட்டார்கள். ஒருவர்கூட அந்தப் பெண் இப்போது எங்கே என்று கேட்கவில்லை. நான் ஒவ்வொரு பாராட்டையும் படித்தேன். ஒன்றுவிடாமல் படித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் அந்தக் குறிப்பை எடுத்துவிட்டேன்.

இந்தக் கட்டுரையை எழுதட்டுமா என்று அக்காவிடம் கேட்டபோது, “பேர் போடாம எழுதிக்க” என்றாள். எழுதலாமா என்று என்னை நானே கேட்டுக்கொண்டதற்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

இப்போது வாரம் தவறாமல் செல்லூருக்குப் போகிறேன். போன வாரம் போனபோது கதவு சாத்தாமல் இருந்தது. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, ஒரு தடித்த புத்தகத்தை உதடு அசைய அசையப் படித்துக்கொண்டிருந்தாள். விரல் வரிக்கு வரி நகர்ந்துகொண்டிருந்தது. நான் வாசலில் நின்று பார்த்தேன். ஒரு இடத்தில் தனக்குத்தானே சிரித்தாள். நான் செருப்பைக் கழற்றிய சத்தம் கேட்டதும் நிமிர்ந்தாள். புத்தகத்தை மூடி, அட்டை தெரியாமல் குப்புற வைத்து, அதன்மேல் மடித்த துண்டு ஒன்றைப் போட்டாள்.

“என்னக்கா படிக்கிற?” என்றேன்.

“சும்மாதான். வா, காப்பி போடுறேன்” என்று எழுந்து போனாள்.