பழைய டிஸ்க்கோடு போன ஜாதகங்கள்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், செகந்திராபாத் மாரெட்பள்ளியில் நடந்தது. இன்றைக்கு நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன். இருக்கிற பல் கம்மி என்பதால் பார்த்துத்தான் கடிக்கிறேன்.

நான் ஏசி மெக்கானிக். எட்டாவதை இரண்டு தடவை படித்தும் ஒன்பதாவது வாசலைப் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவன் வீட்டில், மகள் படிப்புக்காக ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வந்தன. எங்கள் தெருத் தமிழ்க் குடும்பங்களில் வரன் பார்க்க ஆரம்பித்தால், ஜாதகமும் போட்டோவும் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். ஸ்கேன் செய்து பிரிண்ட் எடுத்துக் கொடுப்பேன். காசு வாங்க மாட்டேன். யாராவது கிண்டலாக ‘இன்ஜினியர் சார்’ என்றாலே வயிறு நிறைந்துவிடும். பிறந்த நேரம், நட்சத்திரம், ஆபீஸ், போன் நம்பர் எல்லாம் ‘கல்யாணம்’ என்ற ஒரே ஃபோல்டரில் கிடந்தன. ஒன்றையும் அழித்ததில்லை. பாஸ்வேர்டு மறந்துவிடுமே என்று மானிட்டரிலேயே எழுதி ஒட்டியிருந்தேன்.

கம்ப்யூட்டர் ஆமையானதும் தெருமுனை ரிப்பேர் கடைக்குத் தூக்கிப் போனேன். கடைக்காரர் டிஸ்க் செத்துப்போச்சு என்று புதுசு மாட்டி, பழைய ஃபைல்களையும் அதில் ஏற்றிக் கொடுத்தார். செத்த டிஸ்க்கிலிருந்து ஃபைல் எப்படி வந்தது என்று கேட்க மண்டை வேண்டுமே. பழையது வேண்டுமா என்றார். ஏசியில் கழற்றிய பார்ட்டை யார் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்? நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று வள்ளலாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் கழித்து மாடி வீட்டு அம்மா வந்தார். ரயில்வேயில் இருந்த கணவர் போனபிறகு ஒரே மகளோடு இருப்பவர். எவனோ ஒருவன் மாப்பிள்ளை வீடு என்று அந்தப் பெண்ணுக்குத் தினமும் போன் செய்கிறானாம். நட்சத்திரம், பிறந்த நேரம் எல்லாம் சொல்கிறானாம். அவள் ஆபீஸ் வாசலிலும் வந்து நின்றிருக்கிறான்.

“நாலு நாளா வேலைக்கே போகல தம்பி. வேலைய விட்டுடறேங்கிறா” என்றார். அவருக்குக் கல்யாணத் தரகர்மேல் சந்தேகம். நானும் சேர்ந்து தரகரின் ஏழு தலைமுறையைக் கிழித்தேன்.

அம்மா பின்னாலேயே வந்த அந்தப் பெண் தன் போனை நீட்டினாள். அவன் அனுப்பிய அவள் போட்டோ. ஓரத்தில், ஸ்கேன் செய்யும்போது மாட்டிய என் கட்டைவிரல்.

“இந்த போட்டோ பிடிக்கலன்னு நாம பிரிண்டே போடல அங்கிள். உங்க கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருந்துச்சு.”

பழைய டிஸ்க்கை வள்ளலாக விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் உறைத்தது.

கடைக்கு ஓடினேன். டப்பா நிறையப் பழைய டிஸ்க்குகள். என்னுடையதை எப்போதோ விற்றாகிவிட்டதாம், யாருக்கு என்று ஞாபகமில்லையாம். செத்துப்போச்சு என்றாயே என்று கத்தினேன்.

“ஹவ் பாய், ஆமாண்ணே, மெதுவா ஓடும், அவ்வளவுதான். நீங்கதானே வெச்சுக்கச் சொன்னீங்க?” என்று டீயை உறிஞ்சினார். ஓங்கி ஓர் அறை விடத்தான் கை துடித்தது. அவர் கன்னத்திலா, என் கன்னத்திலா என்றுதான் தெரியவில்லை.

போலீசில் புகார் கொடுத்தோம். எல்லாவற்றையும் நானே என் வாயால் சொன்னேன். அந்த டிஸ்க்கை வாங்கியிருந்த அவனைப் பிடித்தார்கள், போன் நின்றது. பிறகு அந்த ஃபோல்டரில் இருந்த வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போய் விஷயத்தைச் சொன்னேன். சிலர் முகத்திலடித்த மாதிரி கதவைச் சாத்தினார்கள். “ஜாதகக் காப்பிதானே போச்சு, விடுப்பா” என்று சிரித்தவர்கள்மேல்தான் எனக்கு அதிகம் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தப் பெண் மூன்று வாரம் கழித்து வேலைக்குப் போனாள். அவள் அம்மா பழையபடி பேசுகிறார். அவள் மட்டும் என்னைப் பார்த்தால் துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு படியில் வேகமாக இறங்கிவிடுகிறாள். அவன்மேல் இருந்த கோபமும் கடைக்காரர்மேல் இருந்த கோபமும் ஒருநாள் ஆறிவிடும். அந்தக் காலடிச் சத்தம் கேட்கும்போது என்மேல் எனக்கு வருகிற கோபம் மட்டும் ஆறவே வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன்.