ஆறாவது அறை காலியாகத்தான் இருக்கும்

என்னிடம் இரண்டு ரிவால்வர்கள் இருக்கின்றன. இரண்டை வைத்துக்கொண்டு சேகரிப்பு என்று சொல்கிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இந்த நாட்டில் ஒரு கைத்துப்பாக்கிக்கு உரிமம் வாங்குவதற்குள் செருப்பு தேய்ந்துவிடும். நான் இரண்டு முறை தேய்த்திருக்கிறேன். இரண்டுமே பழைய பாணி. ஒவ்வொரு தோட்டாவுக்கும், அதை அடித்து வெடிக்கவைக்கும் ஹேமரைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தால்தான் சுடும். இழுக்காமல் விசையை எவ்வளவு அழுத்தினாலும் வாயே திறக்காது. அந்தக் குணம் எனக்குப் பிடித்திருக்கிறது.

அவற்றை வீட்டில் வைத்துக்கொள்ள எனக்கு அனுமதியில்லை. பெக்கான் நானாஸ் பக்கம் அன்னாசித் தோட்டங்களைத் தாண்டி எங்கள் கிளப் இருக்கிறது. அதன் இரும்பு அறையில் பூட்டி வைத்திருக்கிறார்கள். பெர்மாஸ் ஜெயாவிலிருந்து வாராவாரம் நானே காரோட்டிக்கொண்டு போவேன். முன்பு வெள்ளிக்கிழமை, இப்போது ஞாயிறு. ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியிலிருந்து ஞாயிறுக்கு மாறியபோது ஆளுக்கொரு கவலை. என் கவலை, கிளப் திறக்கும் நேரம் மாறுமா என்பது மட்டும்தான்.

முதலில் வாங்கியது இருபத்திரண்டு. துப்பாக்கிக் குழலின் வாய் அளவைத்தான் அப்படிச் சொல்வோம். உதையே இருக்காது, நாளெல்லாம் சுடலாம். இரண்டாவதாகப் பெரிய வாயுள்ள நாற்பத்தைந்து வாங்கலாமா என்றதும் ஆளாளுக்கு யோசனை சொல்ல வந்துவிட்டார்கள். முதலில் வந்தவர் கிளப் செயலாளர். உணவகம் நடத்துகிற பாய். நவீன பிஸ்டலில் கெட்டிக்காரர்.

"அக்கா, மூணு அம்பத்தேழு எடுங்க. அதுலயே முப்பத்தெட்டும் போட்டுச் சுடலாம். தோட்டாவும் ஈசியா கிடைக்கும். நாப்பத்தஞ்சு எதுக்கு உங்களுக்கு? கை தாங்காது லா."

அவர் சொன்னதில் கடைசி வரியைத் தவிர எல்லாமே சரி. அந்த வரிக்காகத்தான் நாற்பத்தைந்தை எடுத்தேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி வேறு. பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் தரச் சோதனை வேலை பார்த்தேன். பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தால் மட்டுமே தெரியும் துளைகளை அளந்து அளந்து கண் போனது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாலும் தெரிகிற ஒரு துளையை நானே போட வேண்டும் என்று ஆசை. நாற்பத்தைந்து அப்படித்தான் போடும். அதன் உதையும் கன்னத்தில் அறைகிற மாதிரி இருக்காது, உள்ளங்கையை நிதானமாகப் பின்னுக்குத் தள்ளும். தோட்டாவுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருந்தேன்.

இந்தப் பழைய ரிவால்வரின் சுழலும் உருளையில் தோட்டாவுக்கென்று ஆறு அறைகள் இருந்தாலும் ஐந்து தோட்டாதான் போடுவோம். ஹேமர் கீழே இறங்கியிருக்கும்போது அதன் முனை நேரே தோட்டாவின் மேல் உட்கார்ந்திருக்கும். கை தவறிக் கீழே விழுந்தால் வெடித்துவிடும். அதனால் ஹேமருக்கு நேரே இருக்கும் அறை காலியாக இருக்க வேண்டும். ஒன்று போடு, ஒன்று விடு, நான்கு போடு. பிறகு ஹேமரை முழுதாக இழுத்து மெல்ல இறக்கினால் காலி அறையின் மேல் வந்து நிற்கும். நவீன பிஸ்டல்காரர்களுக்கு இந்தக் கணக்கு வேடிக்கை. எங்களுக்கு இதுதான் உயிர்.

அந்தக் கணக்கை நானே ஒருநாள் தப்பவிட்டேன். 'விடு' என்கிற இடத்தில் பக்கத்து மேசைக்காரர் மெர்சிங்கில் மீன் என்ன விலை என்று கேட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் பதில் சொன்னேன். விட வேண்டிய அறையை விடாமல் ஐந்தையும் வரிசையாகப் போட்டுவிட்டேன். பாய் பக்கவாட்டில் குனிந்து பார்த்தார். ஹேமருக்கு அடியில் பித்தளை விளிம்பு மின்னியது.

"அக்கா, அப்படியே வைங்க. கை எடுங்க."

வைத்தேன். தப்பு என்னுடையது, அதில் பேச்சே இல்லை. ஒரு மாதம் சுடக்கூடாது என்றார்கள், ஏற்றுக்கொண்டேன். ஆனால் கமிட்டி அதோடு விடவில்லை. என் வலது கட்டைவிரல் மூட்டில் வாதம் என்பது எல்லாருக்கும் தெரியும். வயது, பெண், விரல் என்று மூன்றையும் சேர்த்துப் பேசினார்கள். ஒரு தேர்வு வைப்பார்களாம். தோற்றால் கிளப் கடிதம் தராது. கடிதம் இல்லாமல் உரிமத்தைப் புதுப்பிக்க முடியாது. நாற்பத்தைந்தை யாருக்காவது மாற்றிக் கொடுத்துவிட்டு இருபத்திரண்டோடு இருந்துகொள்ளலாம் என்று ஒரு கரிசனம் வேறு. கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ஒரு மாதமும் வீட்டில் வெறுங்கையால் இடது கட்டைவிரலைப் பழக்கினேன். பிடித்திருப்பது வலது கை, ஹேமரை இழுப்பது இடது கட்டைவிரல். சமையலறையில் கரண்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டு இழுத்து இழுத்துப் பார்ப்பேன். வீட்டில் இருப்பவர்கள் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டால் என்ன கிடைக்கும் என்று தெரியும்.

தேர்வு நாளில் பாய் படிவத்தோடு நின்றார். கமிட்டியில் இன்னும் இரண்டு பேர் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆறு தோட்டா, முப்பது செகண்ட். அதுல நாலாச்சும் கறுப்பு வட்டத்துக்குள்ள விழணும். லோட் பண்ணி மேசையில வைங்க. விசில் அடிச்சதும் எடுங்க."

நாற்பத்தைந்தின் தோட்டாப் பெட்டியிலிருந்து ஐந்தை மட்டும் எடுத்தேன்.

"அக்கா, ஆறு."

"இதுல அஞ்சுதான் பாய்."

"எல்லாருக்கும் ஆறுதான். ஃபாரத்துல அப்படித்தான் இருக்கு. ஆறு போடலன்னா ஃபெயில்னு எழுதணும்."

ஆறாவதைப் போட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்கப் போவதில்லை, துப்பாக்கி என்னிடமே இருந்திருக்கும். ஆனால் கை போகவில்லை.

"எதுக்கு என்னை ஒரு மாசம் உக்கார வச்சீங்க? ஹேமருக்கு அடியில தோட்டா இருந்துச்சுன்னுதானே? இப்ப ஆறு போட்டு மேசையில வச்சா ஹேமரு எது மேல இருக்கும்? அன்னிக்கு நான் பண்ணுன தப்ப இன்னிக்கு நீங்க பண்ணச் சொல்றீங்க. ஃபெயில்னு எழுதுறதா இருந்தா தாராளமா எழுதுங்க. நான் அஞ்சுதான் போடுவேன்."

பின்னால் இருந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாய் என் துப்பாக்கியையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், "சரி, அஞ்சு. ஆனா நாலு விழுந்தே ஆகணும்," என்றார்.

ஒன்று போட்டேன், ஒன்று விட்டேன், நான்கு போட்டேன். சத்தமாக எண்ணி, ஹேமரைக் காலி அறையின் மேல் இறக்கி மேசையில் வைத்தேன். பாய் குனிந்து பார்த்துத் தலையாட்டினார்.

விசில். பழக்கதோஷத்தில் வலது கட்டைவிரல் முந்திக்கொண்டது. சுருக்கென்று வலித்தது, முதல் தோட்டா வட்டத்துக்கு வெளியே போனது. இனி ஒன்றுகூடத் தப்பக்கூடாது. இடது விரலால் இழுத்தேன். இழுத்துச் சுட்டேன், மறுபடி இழுத்துச் சுட்டேன். நான்கு தடவை.

தாளைக் கொண்டுவந்தார்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். கறுப்புக்குள் நான்கு துளைகள், ஒன்று விளிம்பை ஒட்டி. பாய் படிவத்தில் அச்சடித்திருந்த ஆறை அடித்துவிட்டு மேலே ஐந்து என்று எழுதினார், பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

"பழைய ரிவால்வருக்கு இனிமே இப்படித்தான் போடணும்னு மீட்டிங்ல சொல்றேன்க்கா," என்றார்.

"சொல்லுங்க. அப்படியே எனக்கு நாப்பத்தஞ்சுல ஒரு பெட்டி எழுதிக்கிங்க."

திரும்பும் வழியெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாமல் வலது கட்டைவிரல் வலித்தது. வலிக்கட்டும். நாற்பத்தைந்தை விட்டுக்கொடுத்துவிட்டு வந்த வலி இல்லையே அது.