தங்கராசு அண்ணாச்சியின் புதுக் குரல்

செல்போன் கடைக்கு ரீசார்ஜ் செய்ய வருகிறவர் செய்ததும் போய்விடுவார், கவர் வாங்க வருகிறவர் மாட்டிக்கொண்டு போய்விடுவார், பாட்டு ஏற்ற வருகிறவர் மட்டும் பாட்டு பிடிக்கவில்லை என்றால் திரும்பி வருவார். கடை வைத்திருக்கும் சகோதர சகோதரிகளுக்கு இந்தப் பாடு தெரியும். பாடியவர் எங்கேயோ இருப்பார், திட்டு வாங்குவது நாம்தான்.

என் கடை முத்தையாபுரம் பஸ் ஸ்டாப் பக்கம். இந்த வட்டாரத்தில் தங்கராசு அண்ணாச்சியைத் தெரியாதவர் கிடையாது. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுகிறவர். அவருடைய 'ஹார்பர் கேட்டுல நின்னவளே' பாட்டு போடாமல் இங்கே ஒரு கல்யாணம் முடிந்ததில்லை. வெகுகாலமாகப் புதிதாக எதுவும் போடாமல் இருந்தவர், மாசி மாதம் 'இங்கன உக்காரு' என்று ஓர் ஆல்பம் போட்டார். நெட்டிலும் வந்தது. ஆனால் லாரிக்கும் மினி பஸ்ஸுக்கும் பென் டிரைவ்தானே வேண்டும்? அதை விற்கும் பொறுப்பு எனக்கு வந்தது. கூடவே அண்ணாச்சி இன்னொரு பொறுப்பும் கொடுத்தார்.

"ஏளா செல்வி, கேட்டவன் என்ன சொல்லுதானோ அத அப்படியே எங்கிட்ட வந்து சொல்லணும். கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது. நல்லா இல்லன்னு ஆளுக சொன்னா இந்தச் சித்திரக் கொடைக்கு நான் மேடையேற மாட்டேன். அதுக்குப் பொறவு எப்பவுமே கெடையாது."

அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் அவர் கச்சேரி இல்லாத வருஷத்தை நான் பார்த்ததில்லை. போன வருஷம் பாதிக் கச்சேரியில் தொண்டை அடைத்து, வெந்நீர் குடித்துக் குடித்துத்தான் முடித்தார்.

துறைமுக வரிசையில்

முதல் பென் டிரைவை வாங்கியவன் லாரி டிரைவர் முருகேசன். காலையில் வாங்கினான், சாயங்காலம் திரும்பி வந்தான். அன்றைக்குத் துறைமுகத்துக்கு வெளியே லாரி வரிசை நகரவே இல்லையாம். முழு ஆல்பத்தையும் கேட்டு முடித்து, வேறு வழியில்லாமல் மறுபடியும் கேட்டிருக்கிறான். அந்த வரிசையில் நின்றவன் சொல்வதை லேசில் தள்ளிவிட முடியாது. அவ்வளவு பொறுமையாகக் கேட்க வேறு யாருக்கு வாய்க்கும்?

"பாட்டு எப்படி?" என்றேன். தலையைச் சொறிந்தான். பாட்டில் குறையில்லை, தாளம் நன்றாக இருக்கிறது, வார்த்தை அவருடையதுதான் என்று சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டான்: "அக்கா, கோவிக்காதிய. கொரலு எறங்கிக் கெடக்கே, இதுல பாடுறது தங்கராசு அண்ணாச்சிதானா, அவிய அண்ணன் யாரும் இருக்காவளா?"

மூட்டு வலிப் பாட்டு

முருகேசன் கேட்டதை நான் அண்ணாச்சியிடம் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு ஒப்பித்தேன். "அடுத்து?" என்றார், அவ்வளவுதான்.

அடுத்து வந்தவர் பேச்சியம்மாள் மதினி. மீன் கம்பெனியில் இறால் உரிக்கும் வேலை. கம்பெனி வேனில் இந்த ஆல்பம்தான் ஓடுகிறது என்றார். அதில் மூட்டு வலியைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது. காதலியைப் பாடிய வாயால் முழங்காலைப் பாடிவிட்டாரே என்று இளவட்டங்கள் பாதிப் பேர் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். நான் என்ன, அவர் முழங்காலுக்கு உத்தரவாதமா கொடுத்தேன்?

மதினிக்கு வேனில் கேட்டது போதவில்லை. வீட்டுக்கும் ஒன்று வேண்டும் என்று வந்திருந்தார். அவ்வளவு பிடித்துவிட்டதா என்று கேட்டேன். "பிடிச்சதுக்கு இல்ல செல்வி. நாள் பூரா நின்னு நின்னு காலு கடுக்குன்னு நான் சொன்னா எங்க வீட்டுக்காரரு காதுலயே வாங்க மாட்டாரு. தங்கராசு அண்ணாச்சி பாடுனாத்தான் நம்புவாரு."

வள்ளத்தில் கேட்டவர்

பெரியதாழையிலிருந்து மாதம் ஒருமுறை வருவார் மீனவர் சேவியர். வள்ளத்தில் ஒரு ஸ்பீக்கர் வைத்திருக்கிறார். உப்புக் காற்றில் அது அடிக்கடி செத்துப்போகும், நான் உயிர் கொடுத்து அனுப்புவேன். அவர் வள்ளத்தில் வலை இழுக்கும்போது அண்ணாச்சியின் பழைய பாட்டுதான் போட வேண்டும் என்பது சட்டம். அந்த வேகத்துக்குக் கை தானாக இழுக்குமாம்.

போன முறை வாங்கிப்போன புதுப் பாட்டைப் போட்டு இழுத்தார்களாம். ஆளுக்கொரு பக்கம் இழுத்து, வலை பாதியில் நின்றுவிட்டதாம். 'போச்சு, இந்த வாரமும் அண்ணாச்சியிடம் சொல்ல நல்ல சேதி இல்லை' என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் சேவியர் பென் டிரைவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சட்டைப் பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டார். "பழசு வலை இழுக்கதுக்கு. இது, வலையப் போட்டுட்டு மீனு வாரது வரைக்கும் சும்மா கெடக்கதுக்கு. ரெண்டும் வேணும்லா."

திருச்செந்தூர் ரசிகர்

எல்லாத் தொழிலிலும் ஒருவர் இருப்பார், அவரைக் கண்டால் ஷட்டரை இறக்கிவிடலாமா என்று தோன்றும். எனக்கு அவர் ஆறுமுகம் அண்ணாச்சி. திருச்செந்தூரில் பூஜைச் சாமான் கடை. தங்கராசு அண்ணாச்சியின் முதல் கேசட்டை இன்னும் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருப்பவர். பஸ் ஏறி வந்து, என் கடை வாசலில் நின்று, நான்தான் பாட்டை ஏற்றும்போது இழுத்து மெதுவாக்கிக் கெடுத்துவிட்டேன் என்று சத்தம் போட்டார். ரீசார்ஜுக்கு வந்தவர்கள்கூட என்னைக் குற்றவாளியைப் போலப் பார்த்தார்கள்.

எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. "வேகத்த மாத்துனா எப்படி இருக்கும்னு காட்டுதேன், கேளுங்க" என்று கம்ப்யூட்டரில் புது ஆல்பப் பாட்டு ஒன்றைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டேன். கார்ட்டூன் மாதிரி கேட்கும், மனுஷர் வாயடைத்துப் போவார் என்று எண்ணம். ஆனால் வந்தது பழைய தங்கராசு அண்ணாச்சியின் குரல். அதே கூர்மை, அதே உச்சி. எனக்கே மயிர் கூச்செறிந்தது. ஆறுமுகம் அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இதுதாம்மா எங்க ஆளு. இத எனக்கு ஏத்திக் குடு."

மெஷின்

நேரம் பார்த்து வந்து நின்றார் தங்கராசு அண்ணாச்சி. ஓடிக்கொண்டிருந்த பாட்டைக் கேட்டார். நான் அணைக்கப் போனேன், வேண்டாம் என்று கை காட்டினார். முழுதும் கேட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தார்.

அவருடைய முதல் கேசட்டைக் காப்பி எடுத்துக் கொடுத்த கடையில் மெஷின் கோளாறாம். அதில் எடுத்தது எல்லாம் வேகமாக ஓடி, குரல் உயர்ந்து கேட்டிருக்கிறது. அதற்குள் டீக்கடை, பஸ் எல்லாவற்றிலும் அந்தக் கேசட்தான். அடுத்த கொடையில் தன் குரலில் பாடியவரை, "கேசட்டுல பாடுனவரு வரலியா?" என்று கேட்டிருக்கிறார்கள். அன்றைக்குக் குரலை உயரத்தில் ஏற்றியவர்தான், இத்தனை வருஷமும் இறக்கவே இல்லை. போன கொடைக்குப் பிறகு, இனி அப்படி ஏற்றிப் பாடக் கூடாது என்று தொண்டை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால்தான் இந்த ஆல்பத்தில் தன் சுருதியில் பாடியிருக்கிறார்.

தங்கராசு அண்ணாச்சி என் கம்ப்யூட்டரைக் காட்டி ஆறுமுகம் அண்ணாச்சியிடம் சொன்னார்: "நீரு ஆசப்பட்டது அந்த மெஷினு கொரல வேய். ஆல்பத்துல பாடுனதுதான் என் கொரலு."

கமிட்டியின் யோசனை

சேதி அன்றைக்கே கோயில் கமிட்டிக்குப் போய்விட்டது. மறுநாள் கமிட்டி ஆள் ஒருவர் வந்தார். ரொம்ப மரியாதையாகப் பேசினார். மரியாதையாகப் பேசினால் ஏதோ வில்லங்கம் என்பது நமக்குத் தெரியாதா? வேகமாக்கிய பாட்டைக் கொடையில் ஓடவிட வேண்டுமாம். அண்ணாச்சி மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயை மட்டும் அசைத்தால் போதுமாம். நான் அவர் கண் முன்னாலேயே அந்த வேகப் பாட்டை அழித்தேன். அவர் முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

ஆனால் அண்ணாச்சிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேனே. கூட்டாமல் குறைக்காமல் இதையும் போய்ச் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வாய அசைக்கதுக்கு நான் எதுக்கு, என் போட்டோவ வச்சா ஆகாதா? நான் ஏறுதேன்னு சொல்லிரு செல்வி. பிடிக்கலன்னா அவியளே எறக்கி விடட்டும்."

கொடை

விளக்கு வைத்ததும் மேடையேறினார். எடுத்த எடுப்பிலேயே 'ஹார்பர் கேட்டுல நின்னவளே', அவருடைய சொந்தச் சுருதியில். கூட்டம் அப்படியே அடங்கிப்போனது. கைதட்டல் இல்லை, விசில் இல்லை. கமிட்டி ஆள் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, மேல ஏத்துங்க" என்று ஒரு சத்தம். வேறு யார், முருகேசன்தான். அண்ணாச்சி பாட்டை நிறுத்தினார். மைக்கிலேயே சொன்னார்: "ஏலே, மேல ஏத்துனா ஒன்னால கேக்கத்தான் முடியும். இது ஒனக்கும் எட்டும். பாடு, பாப்போம்."

முதலில் முருகேசன் வெட்கப்பட்டுக்கொண்டு பாடினான். அடுத்த அடியில் பேச்சியம்மாள் மதினியும் வேன் பெண்களும் சேர்ந்தார்கள். பிறகு பந்தல் முழுக்க. எல்லோருக்கும் மனப்பாடமான பாட்டு, ஆனால் இதுவரை வாய்விட்டுப் பாடியவர் யாரும் இல்லை, அந்த உயரத்துக்கு யாரால் போக முடியும்? நானும் பாடினேன். கண்ணில் நீர் வந்தது, துடைக்கத் தோன்றவில்லை. அண்ணாச்சி வெந்நீர்ப் பக்கமே போகவில்லை.

இறங்கி வந்தவரின் கையை ஆறுமுகம் அண்ணாச்சி பிடித்துக்கொண்டார். "இத்தன வருசமா ஒங்க பாட்டக் கேட்டுட்டுத்தான் இருந்தோம் அண்ணாச்சி. இன்னைக்குத்தான் பாடியிருக்கோம்."

மறுநாள் நான் ஷட்டரைத் தூக்குவதற்குள் முருகேசன் வந்து நின்று, பழைய பாட்டெல்லாம் நேற்றுப் பாடினது போல் இல்லை, ஏற்றும்போது என்ன செய்து தொலைத்தீர்கள் என்று கேட்டான். எங்கள் பக்கத்தில் பாடகர் எப்போதும் சரியாகத்தான் பாடுவார், கெடுப்பது செல்போன் கடைக்காரிதான்.