அம்மா பாடாமல் விட்டது

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது மேல்சித்தாமூர் அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில். அப்பாவுக்கு, எங்கள் நைனாவுக்கு, வாழ்க்கைப்பட்டுச் செஞ்சிக்கு வந்தார். நைனா சீக்கிரமே காலமாகிவிட, மல்லாட்டைக் கொல்லையில், அதாவது நிலக்கடலைக் காட்டில், களை எடுத்தும் நடவு நட்டும் என்னையும் தங்கையையும் ஆளாக்கினார். யாரோடும் சண்டைக்குப் போனதில்லை. பஸ்ஸில் காலை மிதித்தவரிடம்கூட, "பரவால்லப்பா, இன்னொரு காலு இருக்குது" என்பார்.

ஆனால் சாவு வீட்டில் ஒப்பாரி வைக்க உட்கார்ந்தால் அம்மா வேறு ஆள். வருடம் முழுக்க வாய்க்குள் வைத்திருந்ததெல்லாம் ராகத்தோடு வெளியே வரும். அழுகிற பெண்ணை யாரும் தடுக்கவும் முடியாது, பதில் பேசவும் முடியாது. உறவில் ஒரு மாமா கண் மங்கிப்போய், மகனிடம் கண்ணாடி கேட்டுக் கேட்டே இறந்துபோனார். அம்மா அவர் தலைமாட்டில் உட்கார்ந்து எடுத்தார்:

"கலரு டிவி வாங்கினானே – என் மாமா
கண்ணாடி வாங்கலியே!"

அதன் பிறகு அந்த வீட்டில் டிவி சத்தம் கேட்டாலே தெருவில் யாராவது இருமுவார்கள்.

சீயமங்கலத்தில் இருந்த பெரியம்மா, அம்மாவுக்கு ஒரே அக்கா. வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து படுக்கையாகிவிட்டார் என்று தெரிந்து பார்க்கப் போனோம். கட்டிலை மாட்டுக் கொட்டாயில் போட்டிருந்தார்கள். பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன், காபி கொண்டுவந்து கொடுத்தார். அம்மா கோபப்படவில்லை. கட்டிலில் உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"கட்டிலு எப்பப்பா இங்க வந்துச்சு?"

"போன மாசம் சித்தி. உள்ள எடம் பத்தல."

"மாடு தலமாட்டுல நிக்குதா, கால்மாட்டுலயா?"

"தலமாட்டுல. இன்னா சித்தி, ஒண்ணொண்ணா கேக்கறீங்க?"

"ஒண்ணுமில்லப்பா. நாளைக்குப் பாடறப்ப தப்பா வந்துடக் கூடாதில்ல."

அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. கட்டிலில் கிடந்த பெரியம்மாவோ, "கொசுவ வுட்டுட்டியேடி, அதையும் சேத்துக்க" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில், "நேரா நாலு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா?" என்றேன்.

"கேட்டா சண்டையாவும். அப்புறம் என்னை வாசப்படியில கூட ஏத்த மாட்டான். அவளப் போய்ப் பாக்க வேற யாருடா இருக்கா?" என்றார்.

அடுத்த முறை நாங்கள் போனபோது கட்டில் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே இருந்தது. பயத்தில்தான் அண்ணன் தொடங்கினார். பிறகு அது பழகிவிட்டது. கஞ்சி ஊட்டினார், தலை வாரிவிட்டார், பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தார். பெரியம்மாவும் நன்றாகத் தேறிப் பல வருடம் இருந்தார். "இவன் பண்றதப் பாத்தா எனக்கு சாவறதுக்கே மனசு வரல" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார்.

கடைசியில் அவரும் போனார். கொட்டாய் விஷயம் ஊருக்கே தெரியும். அம்மா வருகிறார் என்றதும், செத்தவரைப் பார்க்க வந்தவர்களைவிடப் பாட்டைக் கேட்க வந்தவர்களே அதிகம். அண்ணன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து முடியை அவிழ்த்துவிட்டு எடுத்தார்:

"பஞ்சு மெத்த போட்டானே – என் பொறப்பே
பக்கத்துல படுத்தானே
கஞ்சி ஆத்தி ஊட்டினானே – என் பொறப்பே
கண்ணு மூடாமப் பாத்தானே!"

கொட்டாயும் வரவில்லை, மாடும் வரவில்லை. காத்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் பந்தல் காலை விட்டுவிட்டு, சின்னப் பிள்ளைபோல ஓவென்று அழுதார்.

எல்லாம் முடிந்த பிறகு அம்மாவிடம் வந்து மெல்லக் கேட்டார்: "கொட்டாய வுட்டுட்டீங்களே சித்தி?"

"நீதான் கட்டில உள்ள தூக்கிப் போட்டுட்டியே. நான் எந்தக் கொட்டாயப்பா பாடறது?" என்றார் அம்மா.

பேச வேண்டியது எது, வாயை மூடிக்கொள்ள வேண்டியது எப்போது என்று அம்மா எங்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. எனக்கு இன்னும் அது சரியாகப் பிடிபடவும் இல்லை.

அம்மா படுக்கையில் இருந்த நாட்களில் வீட்டுக்கே வந்து ஊசி போட்ட நர்ஸ் அம்மாவுக்கும், அடுப்பு எரியாத நாளில் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அம்மா போன அன்று விடியற்காலை முதல் பஸ்ஸில் சீயமங்கலத்திலிருந்து வந்த அண்ணன், பாடைக்குத் தோள் கொடுத்தார். வீட்டிலிருந்து ஆற்றங்கரை வரை எத்தனையோ பேர் மாற்றிக்கொள்ளக் கேட்டும் அவர் யாருக்கும் இடம் விடவில்லை. அவருக்கும், இடம் கிடைக்காமல் பின்னாலேயே நடந்து வந்தவர்களுக்கும் எங்கள் நன்றி.