சத்தமில்லாத வண்டி

இப்போதுள்ள கார் மாடலை வாங்குவதா, வரப்போகும் மாடலுக்குக் காத்திருப்பதா என்று மாதக்கணக்கில் மதிப்பெண் போட்டு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மாலை, இப்போதுள்ளதைப் போடிமெட்டு மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்தேன். எங்கள் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப் டிரைவர்களில் ஒருவரான பாண்டி அருகில் இருந்தார். வெளியே அடர்ந்த பனி. உள்ளே சத்தமே இல்லை.

"வரப்போறது இதவிட அமைதியா இருக்குமாம்," என்றேன்.

பாண்டி ஜன்னல் கண்ணாடியில் காதை வைத்தார். "வளைவு வருதுண்ணே. பனியில காத வச்சுத்தான் ஓட்டணும். கண்ணாடிய வெரசா எறக்குங்க!"

எரிச்சலோடு இறக்கினேன். மிக அருகில் ஒரு ஹாரன் அலறியது. பிரேக்கை மிதித்தேன். வேலை முடிந்த ஆட்களோடு மலையிறங்கிய ஜீப் ஒரு சாண் இடைவெளியில் எங்களைக் கடந்தது. அதற்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்கள் எங்கள் தோட்டத்துப் பெண்கள்.

"எம்புட்டு நேரமா அடிச்சிருப்பான்," என்றார் பாண்டி.

அந்த ஹாரனைக் கேட்கவிடாத அமைதிக்குத்தான் நான் முழு மதிப்பெண் போட்டிருந்தேன்.