எகோனின் தொடையில் ஓர் அதிசயம்

கோபன்ஹேகனில் எகோன் ராவ்ன்கில்டேயை அறுபத்தாறு வயது வரை யாரும் அதிசயம் என்று சொன்னதில்லை. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். நாற்பது வருடம் அவர் முகத்தைக் கண்டதும் பயணிகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவ்வளவுதான் வரலாறு.

ஓய்வு பெற்றதும் எங்கள் தசை ஆய்வுக்கூடத்துக்குத் தொடையைக் கொடுக்க வந்தார். ஊசியால் அரிசியளவு சதையைக் கிள்ளி எடுப்போம். அதை உறைய வைப்பது என் வேலை. உழைக்கும் தசையில் எரிபொருள் குறைந்தால் ஒரு புரதம் விழித்துக்கொண்டு, 'சர்க்கரையை உள்ளே விடு' என்று செல்லுக்குள் உத்தரவு போடும். ஓய்வில் அது தூங்க வேண்டும். எகோனின் தொடையில் மட்டும், சும்மா வந்து படுத்த மனிதருக்கு, அது கொட்டக் கொட்ட விழித்திருந்தது. மூன்று முறையும்!

ஆய்வாளர் தூராவுக்குத் தலைகால் புரியவில்லை. 'ஓய்விலும் உழைக்கும் தசை' என்று கட்டுரைக்குத் தலைப்பே வைத்துவிட்டாள். எகோனோ அக்டோபர் குளிரில் அரைக்கால் சட்டையோடு பேக்கரி வரிசையில் நின்று தழும்புகளைக் காட்டினார். வருடத்துக்கு இரண்டு முறை போன் செய்கிற மகள் வாரந்தோறும் பேச ஆரம்பித்தாள். அதற்காகவே இன்னும் நாலு இடத்தில் குத்திக்கொள்ளத் தயாராக இருந்தார்.

நான்காம் முறை தாமதமாக, மூச்சு வாங்க வந்தார்.

"என்ன எகோன், இப்படி வேர்க்குது? ரெண்டு நாளா உடற்பயிற்சி செய்யலைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?" என்றாள் தூரா.

"சத்தியமா செய்யலம்மா. ஊர்க்கோடி வால்பியிலேர்ந்து சைக்கிள்ல வந்தேன். எதிர்காத்து."

"ஒவ்வொரு தடவையும் சைக்கிளா?"

"பின்னே, பறந்தா வருவாங்க?"

மற்ற தொடைக்காரர்கள் பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து வந்தவர்கள். எகோன் எப்படி வருகிறார் என்று இத்தனை பட்டம் வாங்கிய எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? எங்கள் சைக்கிள்களும் அவருடையதன் பக்கத்தில்தான் நின்றன. இந்த ஊரில் சைக்கிள் ஏறுவது செருப்பு மாட்டுவது மாதிரி; அதை யார் உடற்பயிற்சி என்பார்கள்?

அடுத்த வாரம் டாக்சி அனுப்பினோம். புரதம் குறட்டை விட்டுத் தூங்கியது.

"நீங்களும் எல்லாரையும் போலத்தான், எகோன்," என்றாள் தூரா. தலைப்பு போன வருத்தம் அவளுக்கு. அவர் முகம் விழுந்ததைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

"பொண்ணுகிட்ட என்னன்னு சொல்வேன்?" என்றார். ஊசி குத்திய இடத்தில் போட்ட கட்டைத் தடவினார். "அப்போ நாப்பது வருஷமா தினம் வேலைக்கு மிதிச்சேனே, அதெல்லாம் உடற்பயிற்சியா?"

"ஆமா."

"அடப்பாவிங்களா! அப்பவே ஒருத்தராவது சொல்லக்கூடாதா? கொஞ்சம் பெருமையா ஓட்டியிருப்பேனே!"